214ஆம் பக்கத்தில் என் கட்டைவிரல்

1.

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: நில அளவைத் துறையில் ஓய்வு பெற்ற, புத்தகத்தின் சொந்தக்காரர்; செவிலியரான அவருடைய தம்பி மகள்; நான். மூவரில் குற்றவாளி நான்.

கதை பிறந்த இடத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: என் வலது கட்டைவிரல்.

இரவு ஷிஃப்ட் வேலை ஒன்றை உதறிவிட்டு, பழைய புத்தகங்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றும் நூலகத்தில் சேர்ந்தவன் நான். ஊர் வரலாறு, குடும்ப வரலாறு, வம்சாவளி என்று யாரோ சொந்தமாக அச்சடித்து, யாருடைய அலமாரியிலோ கரையான் தின்னும் புத்தகங்கள். மேலிருந்து கேமரா பார்க்கும். நான் பக்கம் திருப்புவேன். இதுவரை முந்நூற்றுப் பதினொரு புத்தகங்கள். இனி உலகில் எங்கிருந்தும் படிக்கலாம். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. இது பெரிய வேலை.

2.

தொடக்கம் ஒன்று: மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், கண்களில் சோகத்தோடு ஒரு பெண்…

மழையே இல்லை. அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: செவிலியர் சீருடையோடு வந்தவள் கைபேசியை என் மேசையில் வைத்தாள்.

"இது யாரு விரல்?"

ஒரு குடும்ப வரலாற்றின் 214ஆம் பக்கம். மூன்று பிள்ளைகளின் பெயர் தெரிந்தது. நான்காவதன் மேல், நகத்தோடு ஒரு கட்டைவிரல்.

"என்னுதுங்க."

"அதுக்குக் கீழ எங்கப்பா இருக்காரு."

(விறைத்த தாளை விரலால் அமுக்கிப் படமெடுப்போம். விரல் விழுந்த பக்கத்தைப் பிறகு திரும்ப எடுப்போம். அன்று நான் சரிபார்க்கவில்லை. காரணம் சொல்லி ஒரு பத்தி எழுதினேன், நீக்கிவிட்டேன். சோம்பல்தான் காரணம்.)

"வீட்டை எதிர்த்துக் கல்யாணம் பண்ணவரு. இப்பப் படுத்த படுக்கை. ஸ்கேன் பண்ணவங்க விரலா இருக்கும்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு. 'எங்கண்ணன்தான் மறைச்சிருப்பான்'னு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

இருந்தது ஒரே பிரதி. அது அந்த அண்ணன் வீட்டில். அவளையும் கேமராவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

3.

முதல் வரைவில் பெரியப்பாவுக்கு முறுக்கு மீசை வைத்தேன். வில்லனாக்க வசதி. உண்மையில் அவருக்கு மீசையே இல்லை. கதவைத் திறந்தபோது கையெல்லாம் சோப்பு நுரை, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும். நீ போட்ட அன்னைக்கே பாத்தேன்."

"அப்ப ஏன் பெரியப்பா சொல்லல?" என்றாள்.

"எனக்குச் சௌகரியமா இருந்துச்சு."

கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மேசையில் விரித்தார். அவள் அப்பா பெயரின் குறுக்கே அழுத்தமான பேனாக்கோடு. கோட்டுக்கு மேலே, பொடி எழுத்தில்: 'இருக்கட்டும்.'

(முன்பு நான் கவனிக்கவில்லை. நாள் முழுக்கப் பக்கம் திருப்புகிறவன் படிப்பதில்லை.)

"கோடு நான் போட்டதுதான். மறு மாசமே அதையும் எழுதினேன். எழுதினேனே தவிர, போய்ச் சொல்லல." என்னைப் பார்த்தார். "கோட்டை மட்டும் கம்ப்யூட்டர்ல அழிச்சிட முடியும்ல?"

"முடியும். ரெண்டு நிமிஷ வேலை."

"அழிச்சிடேன்."

"மாட்டேங்க. பக்கம் எப்படி இருக்கோ அப்படித்தான் போடுவேன்."

[இவ்விடத்தில் ஆவணங்களின் உண்மை குறித்து ஆசிரியர்… வேண்டாம்.]

"சரிபார்க்கத் துப்பில்ல, சட்டம் பேச வந்துட்டான்," என்றார்.

அவள்தான் சொன்னாள்: "கோடு, வார்த்தை, ரெண்டும் இருந்தாத்தான் பெரியப்பா, அப்பா நம்புவாரு."

அவர் மேசைக்கு அருகே வந்து, தாளின் ஓரத்தைத் தானே பிடித்தார்.

"என் விரல் விழுதா பாரு."

"விழலைங்க."

மூன்று முறை சரிபார்த்தேன். அங்கிருந்தே ஏற்றினேன். பழைய படம் போனது, பெயர் வந்தது. முந்நூற்றுப் பதினொரு புத்தகங்களில் நான் மார்தட்டிக்கொள்ளும் பக்கம் இதுதான்.

4.

முடிவு ஒன்று: அண்ணனும் தம்பியும் தொலைபேசியில் அழுகிறார்கள். எழுதிப் பார்த்தேன், சகிக்கவில்லை.

முடிவு இரண்டு: தம்பி பக்கத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். நடக்கக்கூடியதுதான்.

நான் பார்த்தவரை: அவள் அப்பாவின் எண்ணை அழுத்திப் பெரியப்பாவிடம் நீட்டினாள். மணி போய்க்கொண்டிருந்தது. அவர் வாங்காமல் என் பக்கம் திரும்பினார்.

"உன் வேலை முடிஞ்சுதுல்ல?"

"முடிஞ்சுதுங்க."

"அப்பக் கிளம்பு."

மீதி எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதவும் மாட்டேன். பக்கம் உங்களுக்கும் திறந்திருக்கிறது. கோட்டையும் வார்த்தையையும் படித்துவிட்டு, அவர் போனை வாங்கினாரா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நான் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தியே படியிறங்கினேன். பின்னால் கதவைச் சாத்தினார்கள். சாவி இரண்டு சுற்று சுற்றியது.