தேன் பாட்டிலில் வந்த மூத்திரம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இந்தக் கதை என்னுடையது இல்லை, என் நாத்தனாருடையது. அவள் ஒரு மிருக ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள். ஒருநாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கையில் கரண்டியோடு நின்றபடியே சொன்னாள். ஒரு தையற்காரர் தன் பூனையின் மூத்திரத்தைத் தேன் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தாராம். சோதித்துப் பார்த்தால் சர்க்கரையாம். ஊசி போடுகிற வரைக்கும் போய், கடைசி நொடியில் நிறுத்தினார்களாம். "வியாதி பூனைக்கு இல்ல, பாட்டிலுக்கு!" என்று முடித்தாள்.

வீடே சிரித்தது. என் வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது. நான் சொன்ன எந்தக் கதைக்கும் அவருக்குப் புரையேறியதில்லை.

"கடைசி நொடியில யாருக்கு ஞாபகம் வந்துச்சு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாருக்குத் தெரியும், அண்ணி? யாருக்கோ வந்துச்சு."

யாருக்கோ! இவ்வளவு பெரிய ஓட்டையை வைத்துக்கொண்டு அவள் கைதட்டல் வாங்குகிறாள். வயிற்றெரிச்சல் தாங்காமல் எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கம்: "மழை கொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில்..."

(வேண்டாம். மழைக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு எழுத வராதபோதெல்லாம் மழை வந்துவிடும்.)

இன்னொரு தொடக்கம்: "மூத்திரத்துக்கும் ஒரு மணம் உண்டு, அதை அறிந்தவர்கள் சிலரே. அவர்களில்..."

(நாத்தனார் படித்தால், "மணமா அண்ணி அது?" என்பாள். அடித்துவிட்டேன்.)

இன்னும் ஒன்று: "அன்றைக்கும் அக்காதான் முதலில் வந்து சோதனை அறையைத் திறந்தாள்."

இது நிற்கட்டும். அக்கா என்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் கூப்பிடும் இந்தப் பெண், நாத்தனார் சொன்ன கதையில் கிடையாது. நான் கொண்டுவந்து வைத்தவள். அந்தப் பாட்டிலை யாராவது ஒருத்தி பார்த்திருக்க வேண்டும், பார்த்தும் பேசாமல் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்காதீர்கள்.

3

சின்ன அறை. ஓரத்தில் குளிர்பெட்டி, ஜன்னலடியில் கைகழுவும் தொட்டி, நடுவில் நீள மேசை. மேசைமேல் நுண்ணோக்கியும், மூத்திரக் குழாயைச் சுழற்றி வண்டலை அடியில் இறக்கும் இயந்திரமும். நாய், பூனை, முயல், எப்போதாவது ஒரு குதிரை என்று எல்லாருடைய மூத்திரமும் இங்கேதான் வரும். வந்த சூட்டோடு பார்த்துவிட வேண்டும் என்பது அக்காவின் சட்டம். வெளியே வைத்தால் கிருமி பெருகும்; குளிர்பெட்டியில் வைத்தால் இல்லாத படிகமெல்லாம் முளைக்கும்.

இன்னொரு சட்டம், வீட்டுப் பாட்டிலில் வந்ததை வாங்கவே கூடாது. ஆஸ்பத்திரி டப்பாவில் கொண்டுவந்தால்தான் வாங்குவாள். சென்ட் பாட்டிலில் பிடித்துவந்த ஒரு அம்மாளிடம், "ஏம்மா, உங்க நாய் என்ன கல்யாணத்துக்கா கிளம்புது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவள்.

முன்பெல்லாம் டாக்டரம்மா இந்த அறைக்கு வந்து, நுண்ணோக்கியில் கண்ணை வைப்பதற்கு முன்னாலேயே, "நீங்க என்னக்கா சொல்றீங்க?" என்பார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அக்கா காலையில் தலைவாரிக்கொண்டு வருவாள் என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு சோதனை அறை உதவிக்குச் சிட்டு வந்தாள்.

சிட்டு என்பது பட்டப்பெயர். சின்னப் பெண், சுறுசுறுப்பு, எந்த மிருகமும் அவள் கைபட்டால் அடங்கிவிடும். டாக்டரம்மா இப்போது கதவில் சாய்ந்து நின்று அவளிடம்தான் சிரித்துப் பேசுகிறார். தேநீரும் அங்கேயே. அக்காவுக்கும் ஒரு கோப்பை வருகிறது. ஆறிப்போய்.*

* இந்தச் சிட்டுவைக் கெட்டவளாக்க நான் படாத பாடு பட்டேன். ஒரு பிரதியில் சோம்பேறி ஆக்கினேன், இன்னொன்றில் கோள் சொல்ல வைத்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. எழுதி முடிப்பதற்குள் எழுந்துபோய் யாருடைய முயலையாவது தடவிக்கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். உங்களுக்கும் அவளைத்தான் பிடிக்கப்போகிறது. தெரியும் எனக்கு.

4

தையற்காரர் வந்தபோது கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. ஒரு கையில் பூனைக் கூடை, மறு கையில் தேன் பாட்டில். அக்கா தொட்டியில் நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க குடுத்த டப்பாவை மிதிச்சு ஒடச்சுட்டேம்மா," என்றார் சிட்டுவிடம். "அதான் இதுல. நல்லாக் கழுவிட்டுத்தான் ஊத்துனேன்."

"பரவால்ல ஐயா, குடுங்க. பட்டனை இன்னொரு தடவ ஏன் அலைக்கழிக்கணும்?"

பட்டன்தான் பூனை. ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, மெலிந்துகொண்டே போகிறது என்று கொண்டுவந்திருந்தார். மனைவி போனபிறகு தையல் இயந்திரத்தின் பக்கத்தில் அவரோடு உட்கார்ந்திருக்க அது ஒன்றுதான்.

சிட்டு மூத்திரத்தைச் சுத்தமான டப்பாவில் ஊற்றிப் பெயர் ஒட்டினாள். பாட்டில் குப்பைக்கூடைக்குள் போயிற்று. மூடியின் உள்விளிம்பில் பிசுபிசுவென்று மஞ்சளாக ஒட்டியிருந்ததை அக்கா பார்த்தாள். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

அப்போது பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்தார். பட்டன் சிட்டுவின் மணிக்கட்டில் முகத்தை வைத்துப் படுத்திருந்தது.

"உன்கிட்ட மட்டும் எப்படிடி பெட்டிப் பாம்பா அடங்குது? போன தடவ இதே பூனைதான் நம்ம அக்காவைப் பிறாண்டி எடுத்துச்சு!"

"அக்கா கைல மருந்து வாசனை, டாக்டரம்மா. அதான்," என்றாள் சிட்டு, விட்டுக்கொடுக்காமல்.

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். திறந்த வாய் சிரித்துவிட்டு மூடிக்கொண்டது.

(அந்தச் சிரிப்பை இரண்டு தடவை அடித்தேன். திரும்பத் திரும்ப வந்து உட்காருகிறது. எரிகிறவள்தான் சத்தமாகச் சிரிப்பாள், கண்ணுகளா.)

சிட்டு சோதனைப் பட்டையை நனைத்து, ஓரத்தைத் தாளில் ஒற்றி, வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்தாள். சர்க்கரைக் கட்டம் கரும்பழுப்பாகத் திரும்பியிருந்தது.

"அக்கா, சர்க்கரை எகிறுது பாருங்க!"

"ம்," என்றாள் அக்கா.

அவள் கணக்கு இவ்வளவுதான். அடுத்து ரத்தம் எடுப்பார்கள், ரத்தத்தில் சர்க்கரை இருக்காது, குட்டு வெளிப்படும், சிட்டுவுக்கு ஒரு திட்டு விழும். ஒரே ஒரு திட்டு. அதற்குமேல் அவள் ஆசைப்படவில்லை. நான் ஆணையிட்டுச் சொல்கிறேன், அவள் பூனைக்குக் கெடுதல்...

(ஆணையெல்லாம் எதற்கு? அவள் என் பெண்ணா? பாதியில் விட்டுவிட்டேன்.)

5

ரத்தத்திலும் சர்க்கரை ஏறியிருந்தது.

பூனைகளின் உடம்பு அப்படி. கூடையில் அடைத்து, நாய் குரைக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து, காலைப் பிடித்து ஊசி குத்தினால், பயத்திலேயே ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடும். இது டாக்டரம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் அவர் மூத்திரத்தை நம்பினார்.

"ரத்தம் பயத்துல ஏறும். மூத்திரம் பொய் சொல்லாது," என்றார் தையற்காரரிடம். "தினமும் ஊசி போடணும், ஐயா. நீங்களே போடலாம், சொல்லித் தர்றேன்."

"ஊசி புடிக்கிறது எனக்குப் பழக்கம்தாம்மா," என்றார் அவர். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அக்கா சோதனை அறை வாசலில் நின்று இதைக் கேட்டாள். சர்க்கரை வியாதி இல்லாத பூனைக்கு அந்த ஊசியைப் போட்டால், இருக்கிற சர்க்கரையும் இறங்கி, வலிப்பு வந்து, பட்டன் அந்தத் தையல் இயந்திரத்தின் பக்கத்திலேயே செத்துப்போகும்.

6

இதுவரைக்கும் நாத்தனாருக்குப் படித்துக் காட்டினேன்.

"யாரு அண்ணி இந்த அக்கா? அப்படி ஒருத்தியே அங்க இல்லையே."

"இருந்தா."

"எனக்குத் தெரியாதா? அங்க வேலை பாத்தது நானா நீங்களா?"

"நீ வெளிய உக்காந்திருந்த. நான் உள்ள போய்ப் பாத்துட்டு வந்தேன்."

அவள் சிரித்தாள். அப்புறம் தாளை வாங்கிக் கடைசி வரியைத் திரும்பப் படித்தாள். "பூனை சாகக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன். அந்தச் சிட்டுப் பொண்ணையும் அழ விடாதீங்க, பாவம்."

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் எழுதியவளுக்காக எனக்கே எரிந்தது.

7

சரி, பூனை பிழைக்கும். அதை உங்களுக்கே தந்துவிட்டேன், பயப்படாமல் கேளுங்கள். அக்கா பேசத்தான் போகிறாள். யாரிடம் பேசுவாள் என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லலாம். தையற்காரர் முன்னாலேயே சிட்டு தலைகுனிவாள். ஆனால், "பாட்டிலை நீங்க பாத்தீங்களா அக்கா? எப்போ?" என்று டாக்டரம்மா கேட்பார். அந்த "எப்போ"வைச் சொன்னால் அவளும் மாட்டிக்கொள்வாள்.

அல்லது சிட்டுவின் காதில் மட்டும் சொல்லலாம். "அடியே, அது தேன் பாட்டில்டி, ஓடு." சிட்டு ஓடுவாள், அழுதுகொண்டே ஒப்புக்கொள்வாள். தப்பைத் தானே வந்து சொன்ன பெண் என்று டாக்டரம்மா அவள் தோளில் கைபோட்டு அணைத்துக்கொள்வார். இத்தனை நாளும் இருந்ததைவிட இன்னும் ஒரு படி மேலே போய்விடுவாள் சிட்டு. அக்கா அப்போதும் வாசலில்தான் நிற்பாள், ஒருவருக்கும் தெரியாமல்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதை எழுதியபோது கை வேகமாக ஓடியது. அது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது நல்ல முடிவுதான், ஆனால் ஒவ்வொரு வரியும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியது. அதை உங்கள் கையில் கொடுக்க மனசு வரவில்லை.

ஆகவே இவ்வளவுதான் என்னால் முடிந்தது. டாக்டரம்மா மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஊசிக்குள் இழுக்கிறார். தையற்காரர், அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே, பட்டனின் தோலை மெல்ல மடித்துப் பிடிக்கிறார். இந்தப் பக்கம், அறைக்குள், சிட்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மேசையைத் துடைக்கிறாள். நடுவில் அக்கா. ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். பலமாகத்தான் கூப்பிடுகிறாள், ஊசி நின்றுவிட்டது.

யார் பெயர் என்று நீங்களே சொல்லுங்கள், கண்ணுகளா. அவசரப்பட வேண்டாம். உங்களைவிட எல்லாருக்கும் அதிகமாகப் பிடித்துப்போன ஒரு முகத்தை முதலில் நினைத்துக்கொண்டு, அப்புறம் சொல்லுங்கள்.