இரண்டாவது ஸ்பிரிங்

லீமாரோஸ் நிலைப்படியின் குறுக்கே கையை வைத்து மறித்துக்கொண்டாள்.

"இப்ப யாரும் உள்ள போகக் கூடாதுண்ணே. சாமியார் வாற வரைக்கும் அவுக மூச்சு தாங்கணும்."

கமுதிப் பஞ்சு முதலாளியின் டிரைவர் கூத்தையா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தான். "ஒரு வார்த்தைதான் தங்கச்சி. காரு அங்கன வயிறு தெறந்து கெடக்கு. எந்த ஸ்பிரிங்க மாட்டணும்னு அவருதான சொல்லணும்? மெட்ராசுல பந்தயம். முதலாளி என் தோலை உரிச்சிருவாக."

முதலாளியின் அமெரிக்கக் காருக்குக் கிளச் மிதி கிடையாது. கியர் தானாகவே மாறிக்கொள்ளும். அதைப் பந்தயத்துக்குத் தயார் செய்யும் வேலையை லீமாரோஸின் புருஷன், மண்டபத்து மெக்கானிக் வேதமுத்துவிடம் விட்டிருந்தார். தட்டுகளை மாற்றியாயிற்று. எண்ணெய் ஆறுவதற்குத் தனிக் குழாய் வைத்தாயிற்று. கியர் மெதுவாக மாறவேண்டுமா, சடக்கென்று மாறவேண்டுமா என்பதற்கான ஸ்பிரிங் மட்டும் பாக்கி. பம்பாயிலிருந்து இரண்டு வந்திருந்தன. ஒன்று நல்ல கெட்டி, மற்றது நடுத்தரம். இரண்டையும் மாட்டி ஓட்டிப் பார்த்தவன், எதுவென்று சொல்லுமுன் நெஞ்சில் நீர் கோத்துப் படுத்துவிட்டான்.

நேற்றிலிருந்து பேச்சில்லை. "என்னையத் தெரியுதா?" என்று அவள் கேட்டதற்கும் பதிலில்லை. மிச்சக் குரலை, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குச் சேர்த்து வைக்கிறான் என்று எண்ணிக்கொண்டாள். அப்படி எண்ணினால்தான் தாங்க முடிந்தது. சாமியாரைக் கூட்டிவரத் தம்பி செபஸ்தியான் பாம்பன் போயிருந்தான்.

"கூத்தையாவா?" என்றது உள்ளிருந்து குரல்.

அவள் கை நிலையிலிருந்து இறங்கியது. அவள் கூப்பிட்டுத் திறக்காத கண், இவன் சத்தத்துக்குத் திறந்திருந்தது.

"எதண்ணே மாட்டட்டும்? கெட்டியானதா?"

வேதமுத்து மூச்சு வாங்கினான். "அவளக் கேளு. செம்பு வச்சிருந்தது அவதான."

அவளுக்கு முகம் சுட்டது. அன்றைக்கு, "கார்ல ஒரு சுத்து போவமா?" என்று அவன் கேட்டதும் கல்யாணச் சேலையை எடுத்து உடுத்தியிருந்தாள். பின்சீட்டில் உட்கார்ந்த பிறகு மடியில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்தான். கியர் மாறுகிற உதறல் ஓட்டுகிறவனுக்குத் தெரியாதாம், தண்ணீர்தான் சொல்லுமாம். உச்சிப்புளி ரோட்டில் கெட்டி ஸ்பிரிங்கோடு போனபோது கியர் மாறுந்தோறும் தண்ணீர் துள்ளி விழுந்து சேலை தொப்பலாயிற்று. பிறகு மற்றதை மாட்டி இன்னொரு ஓட்டம். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் செம்பை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"சொல்லு, லீமா."

எதையாவது சொல்லிக் கூத்தையாவை அனுப்பிவிடலாம். பாம்பனிலிருந்து ரயில் வருகிற நேரம். இனி வேதமுத்து பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் சாமியாருக்குச் சேரவேண்டியது. ஆனால் அந்தக் கண் அவள்மேல் இருந்தது. காத்திருந்தது.

"ரெண்டாவது," என்றாள். "மொதல்ல மாட்டுனது, யாரோ பிடரில அடிச்ச மாதிரி இருந்துச்சு. ரெண்டாவதுல தண்ணி லேசா நடுங்குச்சு. அதவச்சுத்தான் மாறுனதே தெரிஞ்சுச்சு."

"பயந்தியா?"

"மொதல்ல பயந்தேன்."

"சொல்லியிருக்கலாம்ல."

"நீங்க ரோட்டத்தான பாத்துக்கிட்டிருந்தீக."

கூத்தையா தலையைச் சொறிந்தான். "அதெல்லாம் சரிண்ணே. பந்தயத்துக்கு எவன் பொண்டாட்டிய ஏத்திக்கிட்டுப் போறான்? முதலாளிக்கு வேகம்ல வேணும்!"

"கெட்டியானது ஆக்சிலையே ஒடைச்சிரும்." வேதமுத்துவின் உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "ரெண்டாவதயே மாட்டு. அவ சொல்லிட்டா."

கூத்தையா போன பிறகு, அவன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பி வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது.

சாமியார் வந்து, சொல்ல ஏதும் உண்டா என்று அவன் காதருகே குனிந்து கேட்டார். மறுபடியும் கேட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"இன்னிக்குப் பேச்சே இல்லையாம்மா?"

"பேசுனாக, சாமி."

"என்ன பேசினார்?"

"என்கிட்ட ஒண்ணு கேட்டாக."

சாமியார் காத்திருந்தார். அவள் தலையணையைச் சரிசெய்தாள்.

அவர் சிமிழைத் திறந்து கண்ணுக்கும் காதுக்கும் வாய்க்கும் தைலம் பூசினார். அவன் கையை விரித்துப் பூசியபோது, ரேகைகளில் வருஷக்கணக்காய் ஊறிய எண்ணெய்க் கறுப்பு இளகி அவர் கட்டைவிரலில் ஒட்டியது. அப்போதுதான் மார்பு அசையவில்லை என்பது தெரிந்தது. செபஸ்தியான் "அக்கா" என்று உடைந்தான். சாமியார் ஜெபத்தை நிறுத்தாமல், விரலைத் துடைக்கப் பஞ்சு தேடினார்.

லீமாரோஸ் முந்தானை நுனியை நீட்டினாள். அவர் துடைத்து முடித்ததும், கறை உள்ளே போகும்படி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.