காரணம் எண் ஏழு

கத்தரியக்காவின் மகள் பத்து நாளாகப் போன் எடுக்கவில்லை. மாப்பிள்ளைதான் எடுத்தார். “தூங்கறா அத்தை”, “குளிக்கறா அத்தை”, “இப்பதான் அத்தை கண்ணசந்தா.” பத்து நாளும் இந்த மூன்றையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார் மனுஷர்.

மகளுக்கு எட்டாம் மாதம். ஏற்கெனவே இரண்டு தடவை பாதியில் போய்விட்டது. இதாவது தங்க வேண்டுமே என்று கத்தரியக்கா யாரிடமும் மூச்சுவிடாமல், ஏழு மாதமாக நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு அலைந்தாள். மகள் இருக்கும் ஊருக்கு ஒரு ராத்திரி, ஒரு பகல் ரயில். நினைத்தவுடன் ஓடிப்போய்ப் பார்க்கிற தூரமில்லை.

அன்று காலையும் அதே கதைதான். “தூங்கறா அத்தை.” போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு ஒன்பதாம் மேஜைக்குப் போனாள்.

அது திரும்பி வரும் சாமான்களின் கிடங்கு. நாற்பது மேஜை. ஊர் ஊராக ஜனங்கள் போனிலேயே வாங்கி, பிடிக்கவில்லை என்று அனுப்புகிற சட்டை, செருப்பு, பை, பொம்மை எல்லாம் கருப்பு பெல்ட்டில் நகர்ந்து வரும். பிரித்து, சீட்டைப் பார்த்து, பச்சை விளக்கு எரிந்தால் மறுவிற்பனைக்கு வலப்பக்கம் தள்ள வேண்டும். சிவப்பு எரிந்தால் வெட்ட வேண்டும். பத்துக்கு ஏழு சிவப்புதான். துவைத்து, மடித்து, மறுபடி பெட்டி போடுகிற செலவுக்குப் புதிதாகவே ஒன்று செய்துவிடலாமாம். சும்மா கொடுத்தால் அப்புறம் யார் வாங்குவார்கள்? அதனால் தலைக்கு மேலிருக்கும் கேமரா பார்க்க மூன்று வெட்டு, பிறகு தொட்டி. சாயங்காலம் லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு ஊர்க்கோடிப் பள்ளத்தில் கொட்டும். அது பள்ளமாக இருந்தது முன்னொரு காலத்தில். இப்போது கிடங்கைவிட உயரம். அதைச் சுற்றியிருக்கும் தெருக்களில் குழாயைத் திறந்தால் சாயத்தண்ணீர் வருகிறது.

நாற்பது பேரில் கத்தரிக்கோல் வேகமாக ஓடுகிற கை இவளுடையது. பெயர் அப்படி வந்ததுதான்.

பக்கத்து மேஜைக்காரியை ரேடியோ என்பார்கள். வாய் மூடாது. சீட்டில் அச்சடித்த ஏழு காரணங்கள் இருக்கும். அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்று தொடங்கி ஏழாவது ‘இனி தேவையில்லை’. கீழே சிலர் சொந்தக் கையெழுத்திலும் ஏதாவது எழுதுவார்கள். அதை உரக்க வாசிப்பது ரேடியோவின் பொழுதுபோக்கு.

“அக்கா, இதைக் கேளு. குடை திரும்பி வந்திருக்கு. ஏன்னு தெரியுமா? மழை நின்னுடுச்சாம்.”

“அவனாவது உண்மையைச் சொல்றானே.”

“இந்தப் புண்ணியவான் பாரு, ஒரே சட்டைல நாலு கலர் வாங்கி நாலையும் அனுப்பியிருக்கான். பொண்டாட்டிக்கு எதுவுமே பிடிக்கலையாம்.”

“சட்டையா, அவனையா?”

ரேடியோ சிரித்த சிரிப்பில் ஐந்தாம் மேஜை வரை திரும்பிப் பார்த்தது. கத்தரியக்காவும் சிரித்துக்கொண்டேதான் அடுத்த பெட்டியைப் பிரித்தாள்.

மஞ்சள் நிறத்தில் குழந்தைப் போர்வை. ஓரமெல்லாம் சின்னச் சின்ன வாத்து.

அதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. அந்தப் போர்வை வாரத்துக்கு முப்பது வரும். அவளே எத்தனையோ வெட்டியிருக்கிறாள். போன மாதம் மகளுக்கு என்ன அனுப்பலாம் என்று யோசித்தபோது, வெட்டி வெட்டிக் கைக்குப் பழகிய மெதுமெதுப்புதான் நினைவுக்கு வந்து அதையே வாங்கி அனுப்பினாள். பிரிக்கும்போது மடிப்புக்குள்ளிருந்து ஓர் அட்டை நழுவி மேஜையில் விழுந்தது.

‘பத்திரமா வந்து சேரு. இப்படிக்கு, பாட்டி.’

வாங்கும்போது அவள் அச்சடிக்கச் சொன்ன வரி.

சீட்டைத் திருப்பினாள். மகள் வீட்டு முகவரி. நான்காம் மாடி, பதினேழாம் எண். பரிசாகப் போன சாமானைப் பெற்றுக்கொண்டவர்களே திருப்பி அனுப்பலாம், கொடுத்தவர்களுக்குத் தகவல் வராது. காரணக் கட்டங்களில் கடைசிக் கட்டத்தில் குறி இருந்தது. ஏழு.

கத்தரியக்கா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். மாப்பிள்ளையின் பத்து நாளும் அந்த ஒரு கட்டத்துக்குள் இருந்தது. தூங்கறா அத்தை. குளிக்கறா அத்தை.

மேஜை விளக்கு சிவப்பாக எரிந்தது. குழந்தைச் சாமான், பிரித்தது, மறுவிற்பனை கிடையாது.

“என்னக்கா, மரம் மாதிரி நிக்கற?” என்று எட்டிப் பார்த்த ரேடியோ அட்டையை வாசித்தாள், சீட்டை வாசித்தாள். அவளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. தன் கையிலிருந்த அடுத்த சீட்டை வாசிக்காமல் கவிழ்த்து வைத்தாள்.

பெல்ட்டில் பெட்டிகள் சேர்ந்தன. சூப்பர்வைசர் மேடம் வந்தாள்.

“என்னம்மா, ஒன்பதாம் மேஜை நின்னுபோச்சு?”

“மேடம், இது நான் என் பொண்ணுக்கு அனுப்பினது. இதை மட்டும் நான் எடுத்துக்கறேன்.”

மேடம் அட்டையைப் பார்த்தாள். குரல் இறங்கியது. “திரும்பி வந்துட்டா கம்பெனியோடதும்மா. வாசல்ல பையைச் சோதிப்பாங்க, உங்களுக்கே தெரியும். கேமரா மட்டும் இல்லேன்னா நானே மடிச்சுக் குடுத்திருப்பேன்.” கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “நீங்க போய்ட்டு வாங்க. வேற யாரையாவது வெட்டச் சொல்றேன்” என்றாள்.

“நான் வெட்டறேன், குடு அக்கா” என்று ரேடியோ கையை நீட்டினாள்.

“வேணாம். வேற யார் கையும் பட வேணாம்.”

போர்வையை மேஜையில் விரித்தாள். கையால் ஒருமுறை நீவிவிட்டாள். கத்தரிக்கோல் பழக்கத்தில் தானாக ஓடியது. ஒன்று. இரண்டு. மூன்றாவது வெட்டுக்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஆயிற்று. தொட்டியில் வீசாமல் குனிந்து வைத்தாள். அட்டையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். கேமரா பார்த்தால் பார்க்கட்டும்.

லாக்கர் அறையில் ஆளில்லை. போன் இரண்டாவது மணியிலேயே எடுக்கப்பட்டது.

“அத்தை, அவ தூங்...”

“எழுப்புங்க மாப்பிள்ளை. எனக்குத் தெரியும்.”

“அவதான் சொல்ல வேணாம்னா அத்தை. உங்களுக்கு பிரஷர் இருக்குன்னு...” அதற்குமேல் அவரால் முடியவில்லை. போன் கை மாறியது.

“அம்மா.”

“என் கண்ணு.”

அழுது முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் போயிற்று.

“யாரும்மா சொன்னா?” என்றாள் மகள்.

“யாரும் சொல்லல. உன் போர்வை என் மேஜைக்கு வந்துச்சு.”

“உன்கிட்டயேவா வந்துச்சு?” குரலில் ஏதோ அசைந்தது போலிருந்தது. “வீட்ல வச்சுப் பார்க்க முடியலம்மா. யார்கிட்டயாவது குடுக்கலாம்னா, எங்க வீட்ல வச்சிருந்த சாமானை வாங்க எல்லாரும் யோசிக்கறாங்க. திருப்பி அனுப்பினா வேற குழந்தைக்குப் போகும்னு தோணுச்சு. புதுசுதானே. நீங்கதானே பிரிச்சுப் பார்த்து, மடிச்சு, வேற வீட்டுக்கு அனுப்புவீங்க?”

கத்தரியக்கா வேலைக்குச் சேர்ந்த நாளில் மகளிடம் சொன்னது அப்படித்தான். பிரித்துப் பார்த்து மடிக்கிற வேலை. ஆறு வருஷமாக அதைத் திருத்தவில்லை. வீட்டில் சொல்லிக்கொள்கிற வேலையா இது?

“ஆமாம்மா” என்றாள்.

“ஓரத்துல ஒரு இடத்துல நூல் பிரிஞ்சிருந்துச்சு. அது மாதிரியே மஞ்சள் நூல் தேடி எடுத்து, உக்காந்து தைச்சுட்டுதான் அனுப்பினேன். கிழிஞ்சதை ஒரு குழந்தைக்குப் போத்தக் கூடாதில்ல. பார்த்தியாம்மா?”

அவள் பார்க்கவில்லை.

“பார்த்தேன் கண்ணு. தைச்ச இடமே தெரியல.”

“அனுப்பிட்டியா?”

“இப்பதான். நானே மடிச்சு அனுப்பினேன்.”

“எந்த ஊருக்கும்மா?”

கத்தரியக்கா லாக்கர் கதவைப் பிடித்துக்கொண்டு, தான் பார்த்தேயிராத ஓர் ஊரின் பெயரைச் சொன்னாள்.

“பொண்ணா, பையனா?”

“பொண்ணு” என்றாள்.