திறந்த தேதி

“மாசம்னா எத்தனை நாள்?”

“முப்பது, டாக்டர்.”

“சரி, பிப்ரவரி கோச்சுக்காது, முப்பதுன்னே வச்சுப்போம். இந்த லென்ஸ எத்தனை நாளா போட்டுட்டு இருக்க?”

அந்தப் பெண் கண் பரிசோதிக்கும் கருவியின் தாங்கியில் மோவாயை வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று அவளுடைய இடது கண்ணின் மேல் நின்றது. கண் முழுக்கச் சிவந்து, தண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது.

“நான் போலீஸ் இல்லம்மா. உங்கம்மாவும் அடிக்க மாட்டாங்க, நான் பாத்துக்கறேன். சொல்லு.”

“தினமும் போடல டாக்டர். மேட்ச் அன்னிக்கு மட்டும்தான்.”

“அத நான் கேக்கல. எப்போ திறந்த?”

இருட்டறையின் கதவருகே, கையில் ஒரு சிறிய லென்ஸ் டப்பாவோடு நின்றிருந்தவளுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். டப்பாவின் மூடியில் பச்சை மார்க்கரால் தேதியை எழுதியவளே அவள்தான்.

அந்தக் கண் மருத்துவமனையின் முன்பக்கத்தில் கண்ணாடிக் கடை இருந்தது. அங்கே லென்ஸ் பிரிவு அவளுடையது. முதல்முறை லென்ஸ் போட வருகிறவர்களுக்குக் கை கழுவுவதிலிருந்து கற்றுக்கொடுப்பது அவள் வேலை. அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அவளை ‘லென்ஸ் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். டாக்டரும் அப்படித்தான்.

“வாங்க லென்ஸ் அக்கா. டப்பா கெடச்சுதா?”

“அவங்க பையிலயே இருந்துது டாக்டர்.”

டாக்டர் டப்பாவை வாங்கி, கருவியின் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, சுவர் ஓரமாக நாற்காலியில் இருந்த அம்மாவின் பக்கம் நீட்டினார்.

“பாருங்க. இதுக்கு மேல எப்படித் தெளிவா எழுதறது? திறந்த தேதி. மாத்த வேண்டிய தேதி. பக்கத்துல ஒரு சிரிச்ச மூஞ்சி வேற. ஒரு மாசத்து லென்ஸ். நாலாவது மாசம் ஓடுது.”

அம்மா ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். விரல் நுனிகளில் கருப்பு மை அப்படியே இருந்தது. டப்பாவை வாங்கிப் பார்த்தவர் மகளைப் பார்க்கவில்லை. லென்ஸ் அக்காவைத்தான் பார்த்தார்.

“மன்னிச்சுடும்மா. நீ எவ்ளோ பொறுமையா சொல்லிக் குடுத்த. நானும் கூடத்தான் உக்காந்து கேட்டேன். எங்க வீட்டுக் கழுதைக்கு ஏறல.”

“ஐயோ, பரவால்லங்க,” என்றாள் லென்ஸ் அக்கா. சொன்ன பிறகு அந்தச் சொல் அவள் வாயிலேயே கிடந்து கசந்தது.

“ஏம்மா,” டாக்டர் பெண்ணிடம் திரும்பினார், “அக்கா சொன்னாங்களா இல்லையா, மாசத்துக்கு ஒரு தடவ மாத்தணும்னு?”

“சொன்னாங்க.”

“அப்புறம்?”

“நான்தான் மாத்தல.”

“ஏன்?”

பெண் தாங்கியிலிருந்து மோவாயை எடுத்தாள். இருட்டில் அவளுக்கு யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்திருக்க முடியாது. இருந்தும் முகம் ஒரு கணம் கதவுப் பக்கம் திரும்பி, உடனே தரையைப் பார்த்தது.

“சும்மாதான்,” என்றாள்.

*

அந்தப் பெண்ணைப் பள்ளி அணியில் தவளை என்பார்கள். கால்பந்தில் கோல் காப்பவள். பந்து எந்த மூலைக்கு வந்தாலும் தரையிலிருந்து எழும்பி விழுவாள் என்பதால் வந்த பெயர். மூக்குக்கண்ணாடியோடு விளையாடி இரண்டு முறை கண்ணாடி உடைந்து, ஒருமுறை புருவம் கிழிந்த பிறகுதான் அம்மா லென்ஸுக்குச் சம்மதித்தார். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும். ஒன்று பிசகினாலும் லென்ஸும் கிடையாது, ஆட்டமும் கிடையாது.

முதல்நாள் லென்ஸைக் கண்ணில் வைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வைத்த பிறகு தவளை கடை வாசலுக்கு ஓடிப்போய், எதிர் மாடியில் துணி காயும் கொடியைப் பார்த்து, “கிளிப்பு கூடத் தெரியுதுக்கா,” என்றாள். லென்ஸ் அக்காவுக்கு அன்றே அவளைப் பிடித்துப்போயிற்று.

ஒரு மாதம் கழித்து ஒரு மதிய வேளையில், முழங்காலில் புழுதியோடு, லென்ஸ் கழுவும் மருந்து வாங்க வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. லென்ஸ் அக்கா புது ஜோடியை எடுக்க அலமாரியைத் திறந்தபோது, தவளை கல்லாமேசையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

“அக்கா, நிஜமா சொல்லுங்க. நீங்க மாசா மாசம் மாத்துவீங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒற்றைச் சொல். அதற்குப் பதிலாக அவள் சிரித்தாள், குரலைத் தாழ்த்தினாள்.

“உனக்குன்னு சொல்றேன், வெளிய சொல்லிடாத. நான் மூணு மாசம் ஓட்டுவேன். இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல. நீ மேட்ச் அன்னிக்கு மட்டும்தானே போடற? உனக்கெல்லாம் இன்னும் நாள் வரும்.”

“சத்தியமா சொல்ல மாட்டேன்,” என்று தவளை உதட்டின் மேல் விரலை வைத்தாள். புது ஜோடி வெளியே வராமலே அலமாரி மூடிக்கொண்டது.

ஏன் சொன்னோம் என்று லென்ஸ் அக்கா இப்போது எவ்வளவு யோசித்தும் பெரிய காரணம் ஒன்றும் அகப்படவில்லை. கடையில் வேலை செய்பவர்களுக்கு லென்ஸ் இலவசம். மிச்சம் பிடிக்க வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. தினமும் அதே விதியை அதே குரலில் சொல்லிச் சொல்லி, அவள் காதுக்கு அது பேருந்து நடத்துநரின் விசில்போல ஆகிவிட்டிருந்தது. தனக்கென்று ஒருநாள் தள்ளிப்போட்டாள், பிறகு ஒரு வாரம், பிறகு எண்ணுவதையே விட்டாள். விதி எல்லோருக்கும் கொடுக்கிற பொருள். அதிலிருந்து விலக்கு என்பது மனசுக்குப் பிடித்தவருக்கு மட்டும் கொடுக்கிற பொருள். அப்படித்தான் அன்று அதைக் கொடுத்தாள், மேசைக்கு அடியிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுப்பதுபோல. கொடுத்தபோது அவளுக்கே உள்ளுக்குள் இனித்தது.

*

டாக்டர் கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு விட்டு, கருவிழியின் ஓரத்திலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு வைத்தார். டப்பாவில் இருந்த மருந்துத் தண்ணீரையும் லென்ஸையும் தனித்தனியாகப் பத்திரப்படுத்தச் சொன்னார். லென்ஸ் அக்கா கையுறை மாட்டிக்கொண்டு செய்தாள். லென்ஸ் மங்கலாக, பழைய பிளாஸ்டிக் உறையின் ஒரு துண்டுபோல இருந்தது.

“பயப்படாதீங்க,” என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். “கருவிழில சின்னப் புண்ணு. நடுவுல வந்திருந்தா பார்வையே மாட்டியிருக்கும். ஓரத்துல இருக்கு, தப்பிச்சா. மணிக்கு ஒரு தடவ சொட்டு விடணும், நாளைக்குக் காலைல மறுபடி பாக்கணும். தழும்பு நிக்குமா நிக்காதான்னு இப்போ சொல்ல முடியாது.”

“தினமும் போடலேன்னு சொல்றாளே டாக்டர். அப்படியும் ஏன்?”

“பால் பாக்கெட்ட வெட்டிட்டீங்கன்னா, குடிச்சாலும் குடிக்காட்டாலும் அது கெடுமா கெடாதா? அதே கணக்குதான். திறந்த அன்னிலேருந்து மாசம். போட்ட நாள எண்ணக் கூடாது. நாளாக ஆக அதுல அழுக்குப் படியும், கிருமி ஒட்டிக்கும், கண்ணுக்குக் காத்து சரியாப் போகாது. அவளுக்கு ஒண்ணும் தெரியலேன்னா கண்ணு நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல.”

அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு நிறுத்தினார்.

“இனிமே லென்ஸே வேணாம் டாக்டர். ஆட்டமும் வேணாம். நாளைக்கே பயிற்சியாளர்கிட்ட சொல்லிடறேன்.”

“அம்மா, அடுத்த மாசம் செலக்ஷன்...”

“வாயத் திறக்காத.”

“ஆட்டம் உங்க வீட்டு விஷயம்,” என்றார் டாக்டர். “ஆறினப்பறம் தினசரி லென்ஸ் இருக்கு. காலைல போட்டு சாயங்காலம் தூக்கிப் போடறது. கழுவற வேலையே இல்ல. தாராளமா விளையாடலாம். ஆனா சொன்ன பேச்சக் கேக்கற ஆளா இருக்கணும்.”

“அதான் இல்லையே,” என்றார் அம்மா.

அந்த இடத்தில் யாராவது ஏதாவது பேச வேண்டியிருந்தது. லென்ஸ் அக்கா ஓர் அடி முன்னால் வந்தாள். ‘டாக்டர், ஒரு நிமிஷம்’ என்பதுவரை சொற்கள் தொண்டைக்கு வந்துவிட்டன. அதற்குள் டாக்டர் விளக்கைப் போட்டுவிட்டார். எல்லோருக்கும் எல்லோருடைய முகமும் தெரிந்தது.

“அக்கா, இன்னொரு தடவ சொல்லிடுங்க. அவங்கம்மா முன்னாடி.”

அவள் சொன்னாள். மாதத்து லென்ஸை மாதத்தில் மாற்ற வேண்டும். இரண்டு வாரத்து லென்ஸை இரண்டு வாரத்தில். கண் உறுத்தினால் தேதி வரும்வரை காத்திருக்கக் கூடாது. பழைய மருந்துத் தண்ணீரின் மேல் புதியதை ஊற்றக் கூடாது. டப்பாவையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். லென்ஸோடு தூங்கக் கூடாது. ஒரு மூக்குக்கண்ணாடி எப்போதும் பையில் இருக்க வேண்டும். பழகிய குரல் தானாக ஓடியது, எங்கும் தடுக்கவில்லை. தவளை சிவந்த கண்ணைக் கைக்குட்டையால் பொத்தி, மற்றக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் “சரிக்கா” என்றாள்.

*

பணியாளர் கழிவறையின் கண்ணாடி முன்னால் அவள் கையை இரண்டு முறை கழுவினாள். இரண்டு லென்ஸ்களையும் கழற்றினாள். எப்போது திறந்தவை என்று நினைவில்லை. அவளுடைய டப்பாவில் அவள் தேதியே எழுதியதில்லை. தாளில் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். உடனே கண்ணாடியில் இருந்த முகம் கரைந்து, ஈரம் பட்ட படம்போல ஆனது. அதன் பிறகுதான் ஞாபகம் வந்தது. மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது.

சுவரைத் தொட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணாடி வெட்டும் இயந்திரத்தின் பக்கத்திலிருந்து, கடையில் ஃப்ரேம் பிரிவைப் பார்க்கும் ஃப்ரேம் அண்ணனின் குரல் கேட்டது.

“என்ன, குருட்டுப் பூனை மாதிரி தடவிட்டு வர்ற?”

“லென்ஸ தூக்கிப் போட்டுட்டேண்ணே.”

“அடேங்கப்பா. அதுக்குப் பேரு வச்சு வளத்துட்டு இருக்கேன்னு நெனச்சேன்.” சிரித்துவிட்டு நிறுத்தினார். அவள் சிரிக்கவில்லை. இயந்திரத்தை அணைத்தார். “மாசா மாசம் மாத்த வேணாம்னு அந்தப் பொண்ணுக்கு நீதான் சொன்னியா?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“அது யார்கிட்டயாவது சொல்லுச்சா?”

“இல்லண்ணே.”

“அப்ப விடு. சின்னப் பொண்ணு, புண்ணு ஆறிடும். நீ வாயத் திறந்தா வேலை போகும், டாக்டர் பேரும் கெடும். அது சொல்லாம விட்டுடுச்சு. நீயும் விட்டுடு.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவளுக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டதும் தனக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாகக் காலை நீட்டிக்கொள்வதை அவள் உணர்ந்தாள். அதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது.

நடையின் கடைசியில் இருந்த பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கிட்டே போனபோதுதான் அது தவளை என்று தெரிந்தது. ஃப்ரேம் அண்ணன் கொடுத்த பெரிய கருப்புக் கண்ணாடி மூக்கின் பாதிவரை இறங்கியிருந்தது. அம்மா பக்கத்து மருந்துக்கடைக்குச் சொட்டு மருந்து வாங்கப் போயிருந்தார்.

“ரொம்ப வலிக்குதா?”

“மணல் போட்ட மாதிரி இருந்துதுக்கா. இப்போ மரத்திருக்கு.” கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். “நீங்க ஏன் கண்ண இப்படிச் சுருக்கறீங்க?”

“லென்ஸக் கழட்டிட்டேன்.”

“கண்ணாடி?”

“கொண்டு வரல.”

தவளை லேசாகச் சிரித்தாள். “இப்பதானே சொன்னீங்க, எப்பவும் பையில இருக்கணும்னு.” அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் லென்ஸ் அக்காவுக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

லென்ஸ் அக்கா எதிர்ச்சுவரைப் பார்த்தாள். அங்கே எழுத்துகள் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் அட்டை தொங்கியது. லென்ஸ் அக்காவுக்கு அதன் முதல் எழுத்துகூடத் தெரியவில்லை.

“ஏன் சொல்லல?” என்று கேட்டாள்.

“நீங்கதானே வெளிய சொல்லாதன்னீங்க.”

லென்ஸ் அக்கா தன் கைகளைப் பார்த்தாள். அவை மடியில் வெளிறிய இரண்டு திட்டுகளாக இருந்தன.

“எனக்குக் கோவமே இல்லக்கா. நிஜமா. கண்ணு போனாலும் நான் சொல்ல மாட்டேன்.” பிறகு அந்தக் குரல் கொஞ்சம் இறங்கியது. “ஆனா அம்மா என்கூடப் பேசல. எது சொன்னாலும் பொய்யின்னு நெனைக்கிறாங்க. நான் எல்லாமே ஒழுங்காத்தான் செஞ்சேன். கை கழுவினேன், தண்ணி மாத்தினேன், ஒரு நாள்கூட போட்டுட்டுத் தூங்கல. மேட்ச்ல பல்லு உடைஞ்ச அன்னிக்குக்கூட கழட்டி வச்சுட்டுத்தான் அழுதேன்.”

வாசல் கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வெயிலுக்கு முன்னால் ஓர் உருவம், கையில் ஏதோ பொட்டலம். யாருடைய முகமும் தெரியாத அந்தத் தூரத்திலும், நடையைப் பார்த்தே அது அம்மா என்று லென்ஸ் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

தவளை அவளுடைய முழங்கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

“நீங்க சொன்னா அம்மா நம்புவாங்கக்கா. அன்னிக்குப் பேசினத எதுவும் சொல்ல வேணாம். நான் சொன்ன பேச்சக் கேக்கற பொண்ணுதான்னு மட்டும் சொல்றீங்களா?”