காய்ந்த தரை

அக்காவின் பழைய கார் எட்டு மாதமாக எங்கேயோ தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தது. அவளோ தம்பி ஒரு மெக்கானிக் என்பதையே மறந்தவள் போல, வாரம் ஒரு பாட்டில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனவன் ரேடியேட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரே துருக் கலங்கல். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இது எஞ்சினா, சாக்கடையாக்கா? அத்தான் இப்படியா வச்சிருந்தாரு?”

“அவரு இருந்தா நான் ஏன்டா மூடியத் தொறக்கப் போறேன்?”

அத்தான் போய் இரண்டு வருடம். பிள்ளை குட்டி கிடையாது. சலவை நிலையத்தில் வேலை முடித்து அவள் வீடு திரும்பினால் வாலாட்ட இருப்பவன் தடியன் ஒருவன்தான். எஞ்சின் சூட்டுக்காகக் காருக்கு அடியில் வந்து படுத்த தெருநாய், அப்படியே குடியேறிவிட்டது. இன்றைக்கும் அவள் வண்டியை நிறுத்திய மறு நிமிடம் அடியில் புகுந்துவிடும். அதனோடு பேசுகிற பேச்சில் கால்வாசி கூட அக்கா மனிதர்களோடு பேசுவதில்லை.

மெக்கானிக் அழுக்கையெல்லாம் வடித்துக் கழுவி, எஞ்சினைக் குளிர்விக்கிற நல்ல பச்சைக் கூலன்ட்டைக் கலந்து நிரப்பினான். “இனிமே குழாத்தண்ணி ஊத்துனேன்னு தெரிஞ்சுது, நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்” என்று மிரட்டியும் வைத்தான். ஒழுகுகிற இடம் மட்டும் பிடிபடவில்லை.

“தரையில சொட்டுதா?”

“தெனமும் காலையில கூட்டுறேன்டா. ஒரு பொட்டு ஈரம் கெடையாது.”

அக்கா சுத்தக்காரி. தரை விஷயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான். இருந்தாலும் தொழில் வழக்கப்படி ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்து, ராத்திரி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியதும் வண்டிக்கு அடியில் விரிக்கச் சொன்னான். சொட்டினால் கறை காட்டிக்கொடுத்துவிடும்.

திங்கட்கிழமை காலையில் போன் செய்தான்.

“அட்டையில என்ன இருக்கு?”

“அட்டை இருந்தாத்தானே. தடியன் கடிச்சுக் கொதறி, பாதிய முழுங்கிட்டான். தரை எப்பவும் போலக் காஞ்சுதான் கெடக்கு. இவனுக்குத்தான் என்னமோ, குடிகாரன் மாதிரி தள்ளாடுறான்.”

“உன்கூடக் குடும்பம் நடத்துறவன் தெளிவா இருந்தாத்தான் அதிசயம்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அக்கா சிரித்ததில் அவனுக்கு அன்று பூராவும் மனசு லேசாக இருந்தது.

புதன்கிழமை வேலைக்குப் போகிற வழியில் அவள் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டாள். கூலன்ட் இரண்டு விரல் இறங்கியிருந்தது.

“தள்ளாட்டம் நின்னுருச்சுடா. ஆனா சாப்பாட்டத் தொட மாட்டேங்குறான். தண்ணி மட்டும் வாளி வாளியாக் குடிச்சான், இப்ப அதுவும் இல்ல. சுருண்டு படுத்துட்டான்.”

“அட்டையத் தின்னா வயிறு என்ன ஆகும். ரெண்டு நாள்ல சரியாயிரும்” என்றான். அவன் கவனமெல்லாம் எஞ்சினில் இருந்தது.

ரேடியேட்டர் வாயில் அழுத்தமானியைப் பொருத்திக் காற்றடித்தான். இருபது நிமிடம் ஆகியும் முள் அசையவில்லை. உள்ளே கால்மிதியைத் தூக்கிப் பார்த்தான், ஈரமில்லை. வெளியே ஒழுகவில்லை என்றால் எஞ்சினே உள்ளுக்குள் குடிக்கிறது என்றுதான் அர்த்தம். எஞ்சின் ஹெட்டைப் பிரிக்க ஸ்பேனரை எடுத்தவன், உள்ளே எரிந்தால் புகை வெள்ளையாக வருமே, வரவில்லையே என்று தயங்கினான். கடைசியாக ஒரு தடவை சூடேற்றிப் பார்க்கலாம் என்று, ஃபேன் சுற்றும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினான். எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்தபோது சொட்டுச் சத்தம் கேட்டது.

டார்ச்சோடு மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். வாட்டர் பம்புக்கு அடியில் இருந்த சின்ன ஓட்டையிலிருந்து நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. சூடாக நின்றால் கால் மணி நேரம் ஒழுகும், ஆறினால் தானாக அடைத்துக்கொள்ளும். ஆறின எஞ்சினில் முள் எப்படி அசையும்? “மாட்டுனியா” என்று சொல்லித் தொடையில் தட்டிக்கொண்டான்.

சிமென்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையாகத் தேங்கியிருந்தது. லேசில் காய்கிற சமாச்சாரமில்லை அது, காய்ந்தாலும் கறை விடும். அப்படியிருக்க, எட்டு மாதமாக அக்கா வீட்டுத் தரை எப்படிக் காய்ந்து கிடந்தது?

அடியிலேயே படுத்துக் கிடந்தான். அவள் துடைப்பத்தை எடுக்கும் முன்பே தடியன் தினமும் சுத்தமாக நக்கி வைத்திருக்கிறான். தண்ணீராக இருந்தவரை ஒரு கெடுதலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அதில் விஷத்தைக் கலந்து கொடுத்தது அவன்தான். கூலன்ட் இனிக்கும், நாய் விடாது என்று டப்பாவிலேயே சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறது. பதினைந்து வருடமாக அந்த டப்பாவைத் திறக்கிறவன் அவன்.

அவன் போன் செய்தபோது அக்கா கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்தாள். மனசு கேட்காமல் பாதி வேலையில் வீட்டுக்குப் போய், வாடகை வண்டி பிடித்துத் தூக்கி வந்திருக்கிறாள்.

“கிட்னி ரெண்டும் போச்சாம்டா. எதையோ நக்கியிருக்கு, என்னன்னு தெரியுமான்னு டாக்டர் கேக்குறாரு. எங்க வீட்டுத் தரை கண்ணாடி மாதிரி இருக்கும், அப்படி ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன்.”

வாயை மூடிக்கொண்டு பம்பை மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த நினைப்பும் ஒரு கணம் வந்துவிட்டுத்தான் போனது.

“கூலன்ட்னு சொல்லுக்கா. நான் ஊத்துனது. ராத்திரி சொட்டுது, அவன் நக்கியிருக்கான்.”

அவள் அதை அப்படியே டாக்டரிடம் ஒப்பித்தாள். டாக்டரின் குரல் போனில் தெளிவாகவே கேட்டது. தள்ளாடின அன்றைக்கே கொண்டுவந்திருந்தால் மருந்து இருந்தது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வலி தெரியாமல் ஊசி போட்டுவிடலாம் என்றார்.

தள்ளாடின அன்றுதான் இரண்டு பேரும் சிரித்தார்கள். மெக்கானிக் திட்டுக்காகக் காத்திருந்தான். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. அக்கா திட்டவில்லை.

“அந்த அட்டையக் கிழிச்சதுக்கு அவன அடிச்சேன்டா” என்றாள். “தொடப்பக்கட்டையால அடிச்சேன். வாங்கிக்கிட்டு மறுபடியும் வண்டிக்கு அடியிலதான் போய்ப் படுத்தான்.”