தோளில் இருந்த கை

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ஏணியிலிருந்து விழுந்து தண்டுவடம் நசுங்கிய என் தங்கை புருஷனைப் பற்றி எழுதுகிறேன் என்று வாயைத் திறந்தாலே போதும், "கடைசியில நடந்துருவார்தானே?" என்கிறார்கள். பதிப்பாளரும் அதையேதான் கேட்டார். [முதல் தொடக்கம்: 'உறங்கும் இரு நதிகளைப் போல அவன் கால்கள்...' சீ, அடித்துவிட்டேன்.]

மாப்பிள்ளையிடமே கேட்டேன்.

"நடக்கிறத விடுங்க மச்சான். மூத்திரம் முட்டுறது தெரிஞ்சாப் போதும். உங்க தங்கச்சி டியூப் மாட்டுறப்பல்லாம் செவத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன்."

இதை எந்தப் பதிப்பாளரிடம் போய்ச் சொல்வது?

2

பிசியோதெரபி அறை. மாப்பிள்ளை கண்ணை மூடிப் படுத்திருந்தார். பயிற்சி கொடுக்கும் அம்மா பஞ்சால் கால் விரலைத் தொடும்போதெல்லாம் "ஆமா" என்றார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அடிபட்ட இடத்துக்குக் கீழே உணர்வு திரும்புகிறது! நான் மனசுக்குள் கடைசிப் பத்தியையே எழுதி முடித்துவிட்டேன்.

பாழாய்ப்போன எழுத்தாளன் கண் சும்மா இருக்குமா? தங்கையின் கை அவர் தோளில் இருந்தது. பஞ்சு படும்போதெல்லாம் அது அழுத்தியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் அதைப் பயிற்சி அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன்.

(தங்கை என்ற பாத்திரத்தையே கதையிலிருந்து நீக்கிவிடலாமா என்றுகூட... நீக்கினால் அவரை யார் புரட்டிப் படுக்கவைப்பது?)

3

"ஏம்மா, இதென்ன பரீட்சையா, விடை சொல்லிக் குடுக்க?" அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உணர்வு இருக்குன்னு நம்பி நீங்க புரட்டாம விட்டா, புண்ணு வர்றதுகூட அவருக்குத் தெரியாதும்மா!"

"அவர் மொகம் வாடிரக் கூடாதுன்னுதான்..." தங்கை அழுதாள்.

"அவ அமுக்குறது எனக்குத் தெரியும். அவளுக்காகத்தான் ஆமான்னேன்" என்றார் மாப்பிள்ளை.

அடக் கடவுளே! இவர்களை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதை எழுதுவது?

4

தங்கையை வெளியே அனுப்பினார்கள். மறுபடி பஞ்சு.

"எந்த வெரல்னு சொல்லுங்க."

[முடிவு ஒன்று: எதுவும் தெரியவில்லை. எழுதக் கை வரவில்லை. முடிவு இரண்டு: எல்லாம் தெரிந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது.]

மாப்பிள்ளை கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். பிறகு அவர், "சுண்டுவெரலா?" என்றார்.

அந்த அம்மா பஞ்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கதவுக்கு வெளியிலிருந்து, "அண்ணா, என்னாச்சு?" என்றாள் தங்கை.

அவளுக்குப் பதில் சொல்ல என்னால் முடியாது. நடந்துவிடுவாரா என்று கேட்டது நீங்கள்தானே? போங்கள், கதவைத் திறந்து நீங்களே சொல்லுங்கள். அவள் தோளில் மட்டும் கையை வைத்துவிடாதீர்கள்.