வத்தல் கை

என் மகள் சிநேகா என் பக்கத்தில் படுத்துப் பன்னிரண்டு நாளாகிறது. காரணம் ரெண்டு எலி.

எலி என்றால் என் கொழுந்தன் பெண்டாட்டி ஜெயப்பிரியாவுக்கு முகம் வாடிவிடும். ஹாம்ஸ்டர் என்று சொல்ல வேண்டும், அதிலும் குள்ள வகையாம். மதுரையில் கூடப் படித்தவள் பெங்களூருக்கு வேலை மாறிப் போகையில் கூண்டோடு இவள் தலையில் கட்டிவிட்டாள். இவளும் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறித் திருப்புல்லாணிப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். காட்டில் எலிக்கு மருந்து வைக்கிற குடும்பம், வீட்டில் எலிக்கு விருந்து வைக்கிறது. என் வீட்டுக்காரர்கூட ரெண்டு நாள் முனகிவிட்டு, மூன்றாம் நாள் ராமநாதபுரம் போனவர் அதுகளுக்குக் கம்பும் தினையும் வாங்கி வந்தார். எனக்கு ஒரு முழம் பூ வாங்க மறந்துபோகிற மனுஷன்.

சட்டதிட்டங்கள் வேறு. முதல் மூன்று நாள் யாரும் தொடக்கூடாது, கூண்டைத் துணியால் மூடி வைக்க வேண்டும். பக்கத்தில் மெதுவாகத்தான் பேச வேண்டும். மேலேயிருந்து கையை இறக்கினால் பருந்து என்று பயந்துவிடும். தண்ணீரில் குளிப்பாட்டக் கூடாது, கிண்ணத்தில் மணல் வைத்தால் தானே புரண்டுகொள்ளும். வெயிலுக்கு மண்சட்டியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். சிநேகாவை நான் வளர்த்தபோதுகூட எனக்கு இத்தனை பேர் ஒத்தாசைக்கு இல்லை. அவளோ எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் பொழுது சாய்கிற நேரம் ஜெயப்பிரியா உள்ளங்கையில் சூரியகாந்தி விதையை வைத்துக் கூண்டுக்குள் நீட்டினாள். கால் மணி நேரம் அசையவில்லை. சட்டிக்குள்ளிருந்து ஒன்று வந்து விரலை முகர்ந்தது, கையில் ஏறியது, அங்கேயே உட்கார்ந்து விதையைக் கொறித்தது. சிநேகா எலியைப் பார்த்ததைவிடச் சித்தியைத்தான் அதிகம் பார்த்தாள். ஒன்பது வருஷமாக நான் வாங்காத பார்வை அது. எனக்குப் பொறாமைதான், அதற்கு வேறு பேர் வைத்து மழுப்ப நான் தயாரில்லை.

கொழுந்தன் பிரபு மஸ்கட்டில் இருக்கிறான். ஜெயப்பிரியா தனியாகத்தான் படுக்கிறாள், கூண்டும் அவள் அறையில். சிநேகா தலையணையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டாள். கூப்பிட்டால் என்னிடமே பேரம் பேசினாள்.

“ஒன் கையில ஏறிருச்சுன்னா கூண்ட நம்ம ரூமுக்குக் கொண்டுட்டு வந்துருவேன்மா.”

ரெண்டு எலியை வசப்படுத்தினால் பிள்ளை திரும்பி வரும். ஆகட்டும் என்று மறுநாளே விதையோடு கையை நீட்டினேன். ஒன்று ஓடி வந்தது, முகர்ந்தது, தும்மியது. முன்னங்காலால் மூஞ்சியைத் தேய்த்துக்கொண்டு சட்டிக்குள் போனதுதான், திரும்ப வரவில்லை. சோப்பு போட்டுக் கழுவினேன். புளி தேய்த்தேன். ஜெயப்பிரியாவுக்குத் தெரியாமல் அவள் சோப்பையே எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நாலு நாளும் தும்மல்தான்.

கையில் ஊறிய மிளகாய் வத்தல் காரம்தான் காரணம் என்று கண்டுபிடித்துச் சொன்னதும் ஜெயப்பிரியாதான். மாசியிலிருந்து களத்தில் முண்டு மிளகாய் காய்கிறது. காம்பு கிள்ளி, வெளுத்ததைப் பிரித்துப் போடுவது என் வேலை. சீசன் முடியட்டும், அப்புறம் பழக்கிக்கொள்ளலாம் அக்கா என்று சிரித்த முகமாகச் சொன்னாள். அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பெண் என்று அவளை யாரும் களத்துப் பக்கம் அனுப்புவதில்லை. கை பூப்போல இருக்கும், எலி ஏறாமல் என்ன செய்யும். சீசன் முடிய இன்னும் ஒரு மாதம். அதற்குள் என் பிள்ளை எனக்கு விருந்தாளியாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஆள் வரவில்லை, ஒத்தாசைக்கு வா என்று ஜெயப்பிரியாவைக் களத்துக்குக் கூப்பிட்டேன். ஆள் வந்திருந்தது, கூலிக்கு வந்த சோணையம்மாளைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் கூப்பிட்டேன். அவளும் உடனே வந்து உட்கார்ந்தாள். வத்தலில் கை வைப்பதற்கு முன் எண்ணெய் தடவிக்கொள்வது இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. வெறுங்கையோடு மதியம் வரை கிள்ளினாள்.

சாயங்காலம் அவள் கூண்டுக்குள் கையை விட்டதும் நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டேன். ஓடி வந்தது, முகர்ந்தது, தும்மியது. அவளுடைய செல்லமே அவளுக்குப் பின்பக்கத்தைக் காட்டிவிட்டு ஓடியது. எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது என்று சொல்ல வெட்கமில்லை.

அதற்குள் அவள் மறந்துபோய்க் கண்ணைத் தேய்த்துவிட்டாள். கண் சிவந்து நீர் கொட்டியது. விரலெல்லாம் வீங்கிக் கன்றிப்போயிருந்தது. காலையிலிருந்து எரிந்திருக்கிறது, மூச்சு விடவில்லை. சிநேகா எலியை மறந்தாள், நோட்டை மறந்தாள், அடுப்படிக்கு ஓடித் தயிர்ச் சட்டியைத் தூக்கி வந்தாள். சித்தியின் கையை மடியில் வைத்து ஒவ்வொரு விரலாகத் தயிரைத் தடவி ஊதினாள். அன்றைக்குக் கூண்டருகே சித்தியைப் பார்த்த பார்வையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. எலியிடமிருந்து ஜெயப்பிரியாவைப் பிரிக்கப் போய், என் பிள்ளையை நானே அவள் கையில் ஒட்டவைத்துவிட்டேன்.

ஜெயப்பிரியா கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். “எனக்கு ஒரு நாளுக்கே இப்படி. உங்கம்மாவுக்குத் தெனமும் இப்படித்தான எரியும்.”

அதையும் அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. சிநேகா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கையைத்தான் முதலில் பார்த்தாள், அப்புறம்தான் முகத்தை.

“ஒனக்கும் எரியுமாம்மா?”

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. எண்ணெய் தடவினாலும் எரியும், தூக்கத்திலும் எரியும், யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

“எரியும்” என்றேன்.

“இரு, சித்திக்கு முடிச்சுட்டு வாரேன்” என்றாள்.

இன்னும் ஒரு கை முழுதாகப் பாக்கியிருந்தது. நான் அவர்கள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.